சூதைத் திருத்திய பொறி

சூதுக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். திருமறை அதனை மதுவோடு சேர்த்து விலக்கிற்று. குற்றம் ஆடும் கருவியிலா, அதன் அமைப்பிலா? அமெரிக்கப் ‘பின்பால்’ பொறியின் வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

சாய்ந்த பலகைமீது இரும்புக் குண்டு உருண்டோடும் மின்பொறி அது. தொடக்கத்தில் குண்டைச் செலுத்தியபின் பெரும்பாலும் தற்செயலே வெற்றியை முடிவு செய்தது; பந்தயமும் புகுந்தது. 1942இல் நியூயார்க் நகரம் அதற்குத் தடை விதித்தது. 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ஹாரி மேப்ஸ், மின்காந்தச் சுருளால் இயங்கும் ஆறு தட்டுகைகளைப் பொருத்தினார். ஆட்டத்தில் திறன் நுழைந்தது. ஆயினும் வென்றவர் பெற்ற இலவச ஆட்டத்தையே சில மாநிலங்கள் சூதுப் பரிசெனக் கருதின. எனவே 1960இல் அந்நிறுவனம், இலவச ஆட்டத்துக்கு ஈடாகக் கூடுதல் குண்டு மட்டும் வழங்கும் பொறியை வெளியிட்டது.

முதல் திருத்தம் திறனைச் சேர்த்தது. இரண்டாவது பரிசை நீக்கியது. இரண்டாவதே இன்றியமையாதது என்பது நம் கருத்து. ‘ரம்மி திறன் விளையாட்டே’ என்னும் வாதம் இன்றும் ஒலிக்கின்றது. திறன் இருப்பினும் பணயம் உள்ளவரை அது சூதே. 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் திறன், தற்செயல் என்று வேறுபடுத்தாமல், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது.

பழம்பொறியைத் திறந்தால் சுருளும் கம்பியும் கண்ணுக்குப் புலப்படும். கைப்பேசி ஆட்டத்தின் உட்கணக்கோ புலப்படாது. ஆகவே, ஏரியூர் வட்டார மாணவர்கள் ஆடுவோராக நின்றுவிடாது, அக்கணக்கைக் கற்றுத் திருத்துவோராக உயர்தல் வேண்டும். பெரியோர் அதற்குத் துணைநிற்பாராக!