தொடர் நாடகத்துத் தலைவியும் வில்லியும்

மக்கள் உள்ளத்தைப் பண்படுத்தும் கருவிகளுள் நாடகம் தலையாயதொன்று என்பது யாவர்க்கும் உடன்பாடு. முன்னாளில் அஃது ஊர்ப் பொதுவிடத்தில் ஆண்டுக்கு ஓரிரு முறையே நிகழ்ந்தது. தஞ்சையை அடுத்த மெலட்டூரில் நரசிம்ம சயந்தியையொட்டி நடைபெறும் பாகவத மேளத்தைக் காண இன்றும் மக்கள் கண்விழித்து அமர்கின்றனர். அங்ஙனம் அரிதாக வந்த நாடகம், தொலைக்காட்சி பரவிய பின்னர், நாடோறும் விளக்கு வைத்த பொழுதில் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகின்றது. வாராவாரம் எண்ணற்ற இல்லங்களில் பேசும் ஒன்று என்ன பேசுகின்றது என வினவுதல் கற்றோர் கடமையன்றோ?

சென்ற விடுமுறையில் பேராவூரணியில் உறவினர் வீட்டில் அமர்ந்து யாமும் அத்தகைய நாடகமொன்றைக் கண்டோம். வில்லி கதவின் பின்னே மறைந்து நின்று ஒட்டுக்கேட்டாள், கண்ணை உருட்டினாள், அவள் முகத்தை மும்முறை இசை முழக்கத்தோடு காட்டினர். தென்னங்கீற்றில் ஈர்க்குச் சீவிக்கொண்டிருந்த மூதாட்டியொருவர் கையை நிறுத்தி, “இவளுக்கு என்னதான் குறை? எதுக்காக இத்தனை கெடுதல் பண்ணுறா?” என்று கேட்டார். கூடத்தில் பத்துப் பேர் இருந்தோம். அந்நாடகத்தைப் பல திங்களாகத் தவறாது காண்போரும் அவருள் இருந்தனர். ஒருவராலும் விடை கூற இயலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று.

தொடர் நாடகம் என்றாலே முகஞ்சுளிப்பார் கூட்டத்தில் யாம் சேர்ந்தவரல்லேம். 1999-ஆம் ஆண்டு தொடங்கிய ‘சித்தி’யும், 2002 முதல் 2005 வரை நடந்த ‘மெட்டி ஒலி’யும் நடுத்தரக் குடும்பங்களின் இன்பதுன்பங்களை அவர்கள் கண்முன்னே நிறுத்தின. 2003 முதல் 2009 வரை நடந்த ‘கோலங்கள்’ நாடகத்தின் தலைவி அபிநயா, கட்டடத் தொழில் நடத்தித் தன் காலில் நின்றவள். அவளோடு பகைத்த ஆதியோ, ஒரே தந்தைக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்தவன். அப்பகைக்கு ஒரு வேர் இருந்தது. தலைவிக்கு ஒரு தொழில் இருந்தது. பின்வந்த நாடகங்கள் பலவற்றில் இவ்விரண்டுமே குன்றின என்பது எம் கருத்து.

இக்குறை எதனால் நேர்ந்ததெனின், எழுதுவோர் திறமின்மையால் என்று கூறோம். நீளத்தால் நேர்ந்தது என்போம். நாள்தோறும் ஏறத்தாழ இருபது மணித்துளிக் காட்சிக்கு உரையாடல் எழுதித் தரல்வேண்டும். வாரந்தோறும் பார்வையாளர் கணக்கு வெளியாகின்றது. கணக்குக் குறையின் நாடகம் நிறுத்தப்படும். வில்லி தோற்றாலோ கதை முடிந்துவிடும். ஆதலின் அவள் தோற்றல் கூடாது. தலைவி உண்மையை அறிதலும் கூடாது. அறியாமலிருக்கும் பொருட்டுத் தலைவியைப் பேதையாக்குகின்றனர். ஓயாது தீங்கிழைக்கும் பொருட்டு வில்லியைக் காரணமற்ற கொடியவளாக்குகின்றனர். ஒருத்தி அழுவதற்கே பிறந்தாள். மற்றொருத்தி அழச் செய்வதற்கே பிறந்தாள். இருவரும் மனிதராகாது பொம்மைகளாகின்றனர்.

நம் முன்னோர் இங்ஙனம் எழுதினாரல்லர். நம் காவிரி நாட்டுத் தேரழுந்தூரிற் பிறந்தவர் எனப் போற்றப்படும் கம்பர் கைகேயியைப் படைத்த முறையை நோக்குக. இராமனுக்கு முடிசூட்டு விழா என்று கேட்டதும் அவள் மகிழ்ந்து, செய்தி கொணர்ந்த கூனிக்கு மாலை பரிசளிக்கின்றாள். அத்தகையாளின் மனம் கூனியின் சொல்லால் படிப்படியாகத் திரிகின்றது. மாற்றாளின் உயர்வு, மகனின் எதிர்காலம், பிறந்தகத்தின் நலம் என ஒவ்வொன்றாக எடுத்துக் கூறும்பொழுது, கேட்கும் நமக்கே, ‘இவ்வச்சம் இயல்புதானே’ என்று தோன்றுகின்றது. கூனிக்கும் ஒரு காரணம் உண்டு. இளமையில் இராமன் விளையாட்டாக எய்த மண்ணுருண்டை தன் முதுகிற்பட்டதை அவள் மறந்திலள். தீமை எங்கிருந்து வருகின்றது என்று காட்டியமையாற்றான் அத்தீமை நம்மை நடுங்கச் செய்கின்றது.

இளங்கோவடிகள் செய்தது இன்னும் அரிது. கணவனைக் கவர்ந்த மற்றொருத்தி இன்றைய நாடகத்தில் வந்தால் அவள் வில்லியென்பது முதற் காட்சியிலேயே உறுதி. சிலப்பதிகாரத்து மாதவியோ பழிக்கத்தக்கவளல்லள். அவள் துயரும் நம் துயராகின்றது. கண்ணகியையும் எண்ணுக. புகாரில் நெடிது பொறுத்தவள் மதுரையில் அழுது ஓய்ந்தாளில்லை. அரசவை புக்கு வழக்குரைத்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் எனச் சான்று கூறி, உடைத்துங் காட்டினாள். நகர் எரிந்தது பின்னரே. அதற்கு முன்னரே வழக்கு வென்றுவிட்டது. தலைவியின் பெருமை அவள் சிந்தும் கண்ணீரின் அளவில் இல்லை. அவள் செய்யும் செயலில் உள்ளது.

இக்காலத்து நாடகமொன்றும் இவ்வழியிற் சில அடி நடந்தது. ‘கோலங்கள்’ இயக்கிய திருச்செல்வமே இயக்கி, 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’ நாடகத்தைக் கூறுகின்றோம். அதில் ஆதி குணசேகரன் என்பான் மதுரைப் பக்கத்துப் பெருங்குடும்பத்தின் தலைவன். படித்துவந்த மருமகளிரை அடுக்களைக்குள் அடைப்பவன்; முதியவளான அப்பத்தாவின் சொத்துப் பங்கைக் கைப்பற்ற முனைபவன். எனினும் அவன் கொள்கை எதுவென்று காண்போர்க்குத் தெளிவாகத் தெரிந்தது. பலர் தம் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ அவனைக் கண்டிருந்தனர். அவனாக நடித்த மாரிமுத்து 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் மறைந்தபொழுது தமிழ் மக்கள் தம்முள் ஒருவரை இழந்தாற்போல் வருந்தினர். மனிதனாகப் படைக்கப்பட்ட தீயோனுக்கே இது வாய்க்கும். அந்நாடகத்திலும் நீட்டற் குறை இல்லாமலில்லை. ஆயினும் ஒரு வீட்டு மருமகளிர் ஒருவரையொருவர் கெடுக்காது ஒருங்கே நின்றமை பாராட்டத்தக்கது. ‘மக்கள் வேண்டுவது சூழ்ச்சியும் கண்ணீருமே, யாம் அதனையே தருகின்றோம்’ என்பார்க்கு அது பெற்ற வரவேற்பே விடை.

நிற்க. பேராவூரணியையே களமாகக் கொண்டு கதையொன்று அமைப்பின் எங்ஙனம் அமையும்? 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் வீசிய கஜா புயலில் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதித் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்ததை நாம் மறவோம். அங்ஙனம் தோப்பிழந்த ஒரு வீட்டை எண்ணுக. அண்ணன் மனைவி தன் நகையை அடகு வைத்து நூறு தென்னங்கன்று நடுகின்றாள். கல்லணைக் கால்வாயின் கடைமடையாதலின் நீர் வாராத நாளில் குடத்தால் ஊற்றுகின்றாள். ஆண்டுகள் சில கழிந்தபின் அவ்வீட்டுப் பெண், தனக்குரிய பங்கைக் கேட்கின்றாள். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடொத்த உரிமையைத் தமிழ்நாட்டுச் சட்டம் 1989-இலும், நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இலும் வழங்கின. கேட்பது அவள் உரிமை. கொடுக்க மனமொவ்வாதவளோ, ‘நீர் ஊற்றியவள் நானன்றோ?’ என்கின்றாள். ஒருநாள் அவள் பத்திரத்தை ஒளித்து வைக்கின்றாள்.

இவளன்றோ வில்லி! அவள் செய்தது பிழை; ஆனால் அவளுக்கு என்ன குறையென அம்மூதாட்டி கேட்டால் நாம் விடை கூறலாம். தலைவியோ அறைக்கதவைத் தாழிட்டு அழுதல் வேண்டா. ‘சொத்தெல்லாம் எனக்கு வேண்டா’ என்று தியாகஞ் செய்தலும் வேண்டா. பட்டாவின் நகல் பெறட்டும். தாலுகா அலுவலகத்துக்குச் செல்லட்டும். சிறு வெற்றி பெறட்டும். அவ்வெற்றியே அடுத்த சிக்கலைக் கொணரட்டும். அண்ணியின் உழைப்புக்கு ஈடு யாதென அவளும் ஓரிரவு உறங்காது எண்ணட்டும். இங்ஙனம் எழுதின் நாடகம் நீள்வதாலும் குற்றமில்லை. நெட்டைத் தென்னை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டு செல்லும். ‘கோலங்கள்’ நடந்ததும் ஆறாண்டே. கன்று மரமாகுங் காலம் வரை ஒரு கதை ஓடலாம். அதற்குள் மாந்தரும் வளர்தல்வேண்டும். முதனாள் நின்ற இடத்திலேயே ஆயிரமாவது நாளும் நிற்றல் கூடாது.

இவையெல்லாம் வெறுங்கதைதானே, இத்துணை வருந்துவானேன் எனச் சிலர் வினவலாம். அன்றிரவு அக்கூடத்தில் கண்ட மற்றொன்றையுங் கூறிவிடுகின்றோம். 2013 முதல் 2018 வரை நடந்த ‘தெய்வமகள்’ நாடகத்து வில்லி காயத்திரியை மக்கள் ‘அண்ணியார்’ என்றே வழங்கினர். நாடகம் முடிந்து ஆண்டு பல ஆகியும் அப்பெயர் முடியவில்லை. அவ்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், செலவுக் கணக்கை எழுதி வைத்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு சொல் சொன்னாள். உடனே ஒருவர், “அண்ணியார் ஆரம்பிச்சுட்டாங்க” என்றார். எல்லாரும் சிரித்தனர், அவளும் சிரித்தாள். அதன்பின் அன்றிரவு முழுதும் அவள் வாய் திறக்கவில்லை. கணக்குக் கேட்கும் பெண் சூழ்ச்சிக்காரி, வாய்மூடி அழும் பெண்ணே நல்லவள் என்று ஒரு நாடகம் பல்லாண்டு கற்பித்தால், அந்தப் பாடம் நம் வீட்டுப் பெண்கள் மீதே நடத்தப்படும். படித்துப் பட்டம் பெற்று நாளை ஒரு வீட்டிற் புகவிருக்கும் நம் கல்லூரி மாணவியரையும் அது விடாது.

ஆதலின் நாடகம் எழுதுவோர்க்கு எம் வேண்டுகோள் மூன்றே. வில்லிக்கு ஒரு காரணந் தருக. தலைவிக்கு ஒரு செயல் தருக. பெண்ணுக்குப் பெண்ணே பகையென்னும் பழைய அச்சை உடைத்தெறிக. நம் மாணவ நண்பர்க்கும் ஒன்று கூறுவோம். குறை கூறுதல் எளிது. எழுதிக் காட்டுதலே அரிது. கல்லூரி விழாவுக்கு நாடகம் எழுதப்போகும் நீங்கள், எழுதிய தாளை மூடுமுன் அந்த மூதாட்டியின் வினாவை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: இவளுக்கு என்னதான் குறை? விடை உங்கள் தாளில் இருக்குமாயின் நாடகத்தை அரங்கேற்றுக. இல்லையாயின் மீண்டும் எழுதுக.