கண்மாய் மீனும் கம்பெனி லாபமும்

நாட்டரசன்கோட்டை வட்டாரத்தில் கண்மாய் வற்றும் காலம் வந்தால், ஊரே ஊத்தாவும் கச்சாவும் ஏந்தி இறங்குகிறது. கெண்டையும் கெளுத்தியும் விராலும் அன்று கூலிக்காரன் வீட்டுக் குழம்பில் கொதிக்கின்றன. கறி வாங்க வழியற்ற விவசாயத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் மீனே சத்துணவு. ஆகவே மீன் வாழும் தண்ணீரின் பிரச்சினை நமது பிரச்சினை.

பாதரசம், ஈயம், காட்மியம் முதலிய கன உலோகங்கள் தண்ணீரில் கலந்தால் மீனுக்கு என்ன நேருகிறது? முதலில் செவுள் கெடுகிறது. பிராணவாயு போதாமல் போகிறது. உயிர் பிழைக்க மீன் தன் ஈரலிலும் தசையிலும் உள்ள சர்க்கரைச் சேமிப்பைக் கரைக்கிறது. அதுவும் தீர்ந்தால் தன் புரதத்தையே எரிக்கிறது. தின்ற இரை வளர்ச்சிக்குப் போகாமல் விஷத்தோடு போராடவே செலவாகிறது. அரை வயிற்றுக் கூலியில் இரண்டு ஷிப்ட் பார்க்கும் தொழிலாளியின் உடம்பும் இப்படித்தானே உருகுகிறது!

பாதரசம் இன்னும் கொடியது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. சிறு மீனில் சேர்ந்தது, அதைத் தின்னும் பெரிய மீனில் பெருகுகிறது. கொதிக்க வைத்தாலும் போகாது. ஜப்பானில் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட நரம்பு நோய், இப்படி விஷமேறிய மீனை உண்ட குடும்பங்களைத்தான் தாக்கியது.

நம் மாநிலத்திலும் நடந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980களில் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கியது. பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போயிற்று. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி பழைய சாமான் கிடங்குக்குப் போனது 2001 மார்ச்சில் அம்பலமாகி, ஆலை மூடப்பட்டது. 2006இல் ஹைதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சி, கொடைக்கானல் ஏரியின் நீரிலும் மீனிலும் பாதரசத்தைக் காட்டியது. ஆலையில் உழைத்த 591 பேருக்காகக் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது எப்போது? 2016இல்! தொழிலாளி கையாண்ட அதே உலோகம்தான் மீனின் உடலிலும் சேர்ந்தது.

கழிவைச் சுத்திகரிக்கும் செலவை மிச்சம் பிடித்தால் முதலாளிக்கு லாபம். நஷ்டமோ ஏழையின் தலையில். சட்டம் இல்லாமல் இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்தது. மாசுபடுத்தியவனே ஈடு தர வேண்டும் என்று வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட்டும் கூறிவிட்டது. அமல் நடத்தும் மனம்தான் வேண்டும்.

ஆகவே நாம் கோருகிறோம்: கண்மாய் நீரையும் வண்டலையும் மீனையும் சர்க்கார் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதி ஊர்ச் சாவடியில் படிக்க வேண்டும். விஷம் கண்டால் செலவு முழுவதையும் அதைக் கலந்த கம்பெனியிடமே வசூலிக்க வேண்டும்.

தோழர்களே! ஆலைவாசலில் சங்கமும் கண்மாய்க்கரையில் விவசாயத் தொழிலாளரும் ஒன்றுபட்டு இதைக் கேட்க வேண்டும். விஷம் குழம்புச் சட்டிக்கு வந்த பிறகு அல்ல; வருமுன்பே கேட்க வேண்டும்.