குளத்து மரத்துக்கு அடையாளம் போட்டுவிட்டு வெட்டுங்கள்

சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை. எந்த மரத்தை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டுங்கள் என்பதுதான் என் வழக்கு. சிவகிரிச் சுற்றுவட்டாரத்தில் கோடையில் குளங்களுக்குள் நடக்கிற வேலையைப் பார்த்தால், தெரியாமல் வெட்டுகிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிலர் நன்றாகத் தெரிந்துதான் வெட்டுகிறார்கள். வயிற்றெரிச்சலே அதுதான்.

நான் ஆசாரி. அப்பா வண்டிப்பட்டறை வைத்திருந்தார். மாட்டு வண்டிகள் போன பிறகு நான் மண்வெட்டிக் கணை, கோடாலிக் கணை, கதவு நிலை என்று காலத்தை ஓட்டுகிறேன். சக்கரத்தின் குடத்துக்கும் ஆரக்காலுக்கும் அப்பா தேடிப் போய் வாங்குவது நாட்டுக் கருவேலம். வாங்கியதும் உளி வைக்க மாட்டார். தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து நிழலில் காயவைத்து, அதன்பிறகுதான் கை வைப்பார். எலுமிச்சையும் கரும்பும் நெல்லும் இந்த ஊர்ச் சாலைகளில் ஏறிப்போனதெல்லாம் அந்தக் குடத்தின் மேல்தான்.

சென்ற கோடையில் ஒரு குளத்தின் உள்வாயில் ஏலம் எடுத்தவரின் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். சீமைக்கருவேலம் அகற்றும் பணி என்று பெயர். லாரியில் அடுக்கியிருந்த தடிகளில் பாதிக்கு மேல் நாட்டுக் கருவேலம். மறுகால் பக்கம் அடர்ந்து கிடந்த சீமைப் புதரை அவர்கள் தொடவே இல்லை. தொட்ட இடத்திலும் முழங்கால் உயரத்தில் அறுத்துவிட்டு நகர்ந்திருந்தார்கள். “எல்லாம் முள்ளு மரந்தானே அண்ணாச்சி? தாள்ல கருவேல மரம்னுதானே போட்டிருக்கு” என்றார் மேஸ்திரி. அவர் சொன்னதில் பொய் இல்லை. தாளில் அப்படித்தான் இருந்தது.

இரண்டையும் பிரித்தறிவது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. நாட்டுக் கருவேலின் பூ உருண்டை; நல்ல மஞ்சள், கிட்டே போனால் மணக்கும். சீமைக்கருவேலத்தில் உருண்டைப் பூ வரவே வராது. வெளிறிய மஞ்சளில் விரல் நீளத்துக்குக் கதிர்தான் தொங்கும். காய் இன்னும் தெளிவு. நாட்டு மரத்தின் காய் விதைக்கு விதை இடுக்கிக்கொண்டு, மணி கோத்த மாலை மாதிரி இருக்கும். மேலே சாம்பல் பூத்த மெல்லிய மயிர். சீமைக் காய் வைக்கோல் நிறம், ஓரம் அவ்வளவாக இடுங்காது, சதை இனிக்கும். அந்த இனிப்புக்காகத்தான் ஆடும் மாடும் தின்று, சாணத்தோடும் புழுக்கையோடும் விதையை ஊரெல்லாம் இறைக்கின்றன. பூவும் காயும் இல்லாத நாளில் இலையை எடுத்துப் பாருங்கள். சீமையில் நடுக்காம்பிலிருந்து பிரியும் கிளைக்காம்பு பெரும்பாலும் ஒரு ஜோடி அல்லது இரண்டு ஜோடி. சிற்றிலை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். நாட்டு மரத்தில் கிளைக்காம்பே மூன்று முதல் ஆறு ஜோடி வரை சாதாரணமாக வரும். சிற்றிலை அரை சென்டிமீட்டர் இருந்தால் பெரிது. பட்டை கறுத்து நெடுக வெடித்திருக்கும். அடிமரம் ஒன்றாக எழும்பும். சீமையோ அடியிலிருந்தே பல கிளையாகக் கோணிக்கொண்டு கிளம்பும். முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டிலும் ஜோடி முள் உண்டு, முதிர்ந்த நாட்டு மரத்தில் முள்ளே குறைந்துவிடும்.

தாவரவியல் படித்த என் மகள் ஒரு வேடிக்கை சொன்னாள். 1753-ல் லின்னேயஸ் நம் கருவேலத்துக்கு வைத்த பெயர் மிமோசா நிலோட்டிகா. 1788-ல் சுவார்ட்ஸ் என்பவர் சீமைக்கருவேலத்துக்கு வைத்தது மிமோசா ஜூலிஃபுளோரா. தொட்டாற்சுருங்கியின் கூட்டத்திலேயே இரண்டையும் போட்டிருக்கிறார்கள். பிறகு பிரித்துவிட்டார்கள், இன்று ஒன்று வச்செலியா, மற்றது நெல்டுமா. ஏலத்தாள் இன்னும் அந்த லின்னேயஸ் காலத்தில்தான் நிற்கிறது.

சீமைக்கருவேலத்தைக் காமராஜர் கொண்டுவந்தார் என்பது டீக்கடைப் பேச்சு. அவர் பிறப்பதற்கு முன்பே, 1876-ல், சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற அதிகாரி வறண்ட நிலங்களுக்காக விதை கேட்டு எழுதினார். அடுத்த ஆண்டே கடப்பைப் பக்கம் ஊன்றினார்கள். குளத்து உள்வாயில் நிற்கிற நாட்டுக் கருவேலத்தின் கதை வேறு. அதில் பெரும்பங்கு 1980-களில் சுவீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்பில் அரசே நட்ட மரம், அதன் வாரிசு. அதை வளர்த்து, முறையாக ஏலம் விட்டு, ஊருக்குப் பங்கு கொடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சீமை என்ற பெயரில் அதைத் தூக்கிப்போவதுதான் பிரச்சினை.

வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போட்ட உத்தரவால் 2017 தொடக்கத்தில் தென்மாவட்டமெங்கும் மரம் வெட்டு மும்முரமானது. அதே ஆண்டு இடைக்காலத் தடையும் வந்தது, பிறகு நீங்கியது. 2022-ல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று மாநில அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. அந்தக் கொள்கை குளத்தங்கரைக்கு வந்து சேரும்போது கையில் இருப்பது ஒரு ரம்பமும் ‘முள்ளு மரம்’ என்ற ஒரே சொல்லும்தான். நாட்டுக் கருவேலோடு வெள்வேலும் உடையும் வன்னியும் சேர்ந்தே போகின்றன.

சீமைக்கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, நிழலில் கட்டிய மாடு மலடாகிறது என்றெல்லாம் வாட்ஸப்பில் வருவதை நான் நம்பவில்லை. எத்தனையோ வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. குளத்துக்குள் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது; வெளியேற்ற அந்த ஒரு காரணமே போதும். நம் மரம் மட்டும் என்ன, புனிதமா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து புல்வெளிகளில் நம் நாட்டுக் கருவேலம்தான் ஊடுருவிய களை. அதைத் தின்னும் பூச்சி கிடைக்குமா என்று அங்கிருந்து ஆய்வாளர்கள் வந்து, கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டுக் கருவேல மரங்களில் தேடினார்கள். அவர்களுக்கு எது எந்த மரம் என்ற குழப்பம் இருக்கவில்லை.

ஏலத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்தக் குளத்தில் ஆடு மேய்க்கிறவர் ஒருவரை அழைத்துக் கூலி கொடுங்கள். எந்த மரத்தின் காயை ஆடு முதலில் ஓடிப்போய்ப் பொறுக்கும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். அவர் காட்டுகிற நாட்டு மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஏலத்தாளில் இரண்டு மரத்தையும் தனித்தனிப் பெயரில் போடுங்கள். சீமையை மேலே அறுத்தால் நாலு மடங்காகத் துளிர்க்கும். வேர்க்கழுத்தோடு ஓரடி ஆழம் தோண்டி எடுத்தால்தான் போகும். குழியைக் கண்ணால் பார்த்த பிறகு வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுங்கள். ஆள் பற்றாக்குறை என்று சொல்ல வேண்டாம், ஒரு குளத்துக்கு ஒரு பகல் வேலை.

குளம் வற்றி ஏலம் வருவது பங்குனி, சித்திரையில். நாட்டுக் கருவேலில் காய் முற்றித் தொங்குவதும் அப்போதுதான். லாரி கிளம்புவதற்குள் சந்தேகம் வந்தால், தடியோடு வந்த கிளையிலிருந்து ஒரு காயைப் பறித்துக் காட்டச் சொல்லுங்கள்.