காலித் தோட்டாவுக்கு மறுபடியும் மருந்து... அமெரிக்காவில் புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ரைஃபிளில் சுட்டதும் ஒரு பித்தளை உறை வெளியே தெறித்து விழும். நம்ம ஊரில் அதைத் தடயமாகத் தேடி எடுப்பது போலீஸ். அமெரிக்காவில், சுட்டவரே குனிந்து பொறுக்கி வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அதே உறையில் மறுபடியும் மருந்தும் குண்டும் வைத்துச் சுடுவதற்குத்தான். இதற்குப் பெயர் ‘ஹேண்ட்லோடிங்’.

ஏன் இந்த வேலை?

ஒன்று, தட்டுப்பாடு. 2020-ல் கொரோனா காலத்தில் அமெரிக்கக் கடைகளில் தோட்டாக்கள் கிடைக்காமல் போயின. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் வந்தது. பீரங்கிக்கும் ரைஃபிளுக்கும் மருந்து தயாரிக்க அடிப்படை, நைட்ரோசெல்லுலோஸ். போருக்கான தேவை கூடியதால் ரைஃபிள் மருந்தின் விலையும் ஏறியது.

இரண்டாவது, துல்லியம். தன் ரைஃபிளுக்கு ஏற்ற அளவில் ஒவ்வொரு தோட்டாவையும் ஒரே மாதிரி தயாரித்தால், இலக்கில் குண்டுகள் நெருக்கமாக விழும்.

சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்க அமெரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. தயாரித்து விற்பதைத் தொழிலாகச் செய்தால் உரிமம் கட்டாயம்.

உறையில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு தோட்டாவில் உறை, பிரைமர், மருந்து, குண்டு என நான்கு பாகங்கள். சுட்ட பிறகு மறுபடி பயன்படுவது உறை மட்டும்தான். அது சுமார் 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, சூடான வாயு பின்னால் கசியாமல் தடுக்கும். அடுத்த நொடியே கொஞ்சம் சுருங்கி வெளியே வந்துவிடும்.

ஆனால் ஒவ்வொரு முறையும் பித்தளை நீள்கிறது, இறுகுகிறது. சுடுபவரின் முகத்துக்குச் சில அங்குல தூரத்தில் இருக்கும் அழுத்தத்தை இந்த மெல்லிய உறைதான் தாங்குகிறது. பிரபலமான .308 வின்செஸ்டர் தோட்டாவில் அது சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம்.

புதியவர்கள் செய்யும் தவறுகள் என்ன?

1. எல்லா உறையையும் கலப்பது: ராணுவத் தயாரிப்பு உறைகள் பெரும்பாலும் தடிமனானவை, உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்து போட்டாலும் அழுத்தம் எகிறும். அதனால் அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்துப் பிரிப்பதுதான் முதல் வேலை.

2. உட்பக்கத்தைப் பார்க்காமல் விடுவது: பலமுறை நீண்ட உறையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே, உள்ளே ஒரு பள்ளம் விழும். வளைத்த மெல்லிய கம்பியை விட்டு இழுத்தால் தட்டுப்படும். அப்படித் தட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான். இல்லாவிட்டால் சுடும்போது உறை இரண்டாகப் பிய்ந்து, வாயு பின்னால் பாயலாம்.

3. தோள்பகுதியை அதிகம் தள்ளுவது: விரிந்த உறையை ‘டை’ என்ற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வருவார்கள். போல்ட் ரைஃபிளுக்குத் தோள்பகுதி 0.05 மில்லிமீட்டர் பின்னால் போனாலே பொதுவாகப் போதும். அதிகம் தள்ளினால் அடுத்த முறை கூடுதலாக நீளும். மேலே சொன்ன பள்ளம் உருவாவதே இப்படித்தான்.

4. நீளத்தை அளக்காதது: .308 உறையின் உச்ச நீளம் 2.015 அங்குலம். அதைத் தாண்டினால் உறையின் வாய் குண்டை இறுக்கிப் பிடித்து, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பள்ளி லேபில் பார்த்த வெர்னியர் மாதிரியான அளவிதான் இங்கே கருவி.

5. தூசியை அலட்சியம் செய்வது: பல பிரைமர்களின் புகைக்கரியில் ஈயம் இருக்கும். அடுக்களையிலோ குழந்தைகள் இருக்கும் அறையிலோ உறைகளைச் சுத்தம் செய்யவே கூடாது.

அப்போ துல்லியம்?

இந்த ஐந்தையும் ஒழுங்காகச் செய்தாலே அதில் பெரும்பகுதி வந்துவிடும். ஒரே தயாரிப்பு, ஒரே நீளம், ஒரே எண்ணிக்கையில் சுடப்பட்டவை என்று உறைகள் ஒத்துப்போக வேண்டும். கழுத்தின் தடிமனைச் சீவுவது போன்ற நுட்பங்கள் போட்டியாளர்களின் விலை உயர்ந்த ரைஃபிள்களில் பலன் தரும். கடையில் வாங்கிய சாதாரண ரைஃபிளில் வித்தியாசம் தெரிவதே கஷ்டம். புதியவர்களில் பலர் இந்தக் கருவிகளுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, அடிப்படைச் சோதனையில் கோட்டை விடுகிறார்கள்.

இந்தியாவில் செய்யலாமா?

கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். வீடியோவில் பொழுதுபோக்காகத் தெரியும் இந்த வேலை, இங்கே ஜாமீனுக்கு அலைய வைக்கும்.

அமெரிக்காவில் சட்டம் தடுக்கவில்லை என்பதால் பொறுப்பு முழுவதும் தனி ஆள் தலையில் விழுகிறது. சந்தேகம் வந்த உறையைக் குப்பையில் போட்டால் நஷ்டம் சில்லறைக் காசுதான். போடாமல் விட்டால் போவது கண்ணாகவும் இருக்கலாம்.