கஞ்சா மருந்தாகுமா?

நிந்தவூரிலிருந்து ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். எயிட்ஸ் நோயைக் கஞ்சா குணப்படுத்தும் என்று ஊரில் யாரோ சொன்னார்களாம்; அது மெய்யா என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில் "என் பெயரைப் போட வேண்டாம்" என்று எழுதி, அதன் கீழ் இருமுறை கோடும் இழுத்திருக்கிறார். அறிவு வேட்கை மாத்திரமே இக்கேள்விக்குக் காரணமன்று என எனக்குத் தோன்றுகிறது. ஆதலின் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குணப்படுத்தாது, தம்பி. எச்.ஐ.வி. கிருமியைக் கஞ்சா அழித்துவிடாது. ஆயினும் நீர் கேட்டது முற்றிலும் கட்டுக்கதையும் அன்று.

1980களில் இந்நோய்க்குத் தக்க மருந்து இருக்கவில்லை. சோற்றைக் கண்டாலே நோயாளிக்குக் குமட்டும். உடல் எலும்பும் தோலுமாக உருகும். அக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ பொது வைத்தியசாலையில் மேரி ராத்பன் என்னும் முதிய மாது தொண்டாற்றி வந்தார். கஞ்சா சேர்த்த கேக் சுட்டு நோயாளிகளுக்குக் கொடுப்பார். அந்த இளைஞர்களைத் தம் பிள்ளைகள் என்றே சொல்வார். 1992 இல், 69 வயதில், பொலிசார் அவரைக் கைது செய்தனர். வேடிக்கை என்னவென்றால், எயிட்ஸால் பசியிழந்து மெலிந்தவர்களுக்கு டிரோனாபினால் என்னும் குளிகையைக் கொடுக்க அமெரிக்க அரசு அனுமதித்ததும் அதே ஆண்டிலேதான். கஞ்சாவிலுள்ள போதைச் சத்தைச் செயற்கையாக ஆக்கி அடைத்த குளிகை அது. எதில் கரைத்து என்கிறீரோ? நம் தைலங்களுக்குரிய நல்லெண்ணெயில்!

பின்னர் 2007 இல் டொனால்ட் ஏப்ரம்ஸ் என்ற வைத்தியர், எச்.ஐ.வி.யினால் கால் நரம்புகள் எரிந்து வலிக்கும் 50 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. கஞ்சா புகைத்தவருள் 52 வீதமானோருக்கு வலி 30 வீதத்துக்கு மேல் தணிந்தது. சத்து நீக்கிய கஞ்சாவைப் புகைத்தவருள் 24 வீதமானோருக்கே அவ்வாறு தணிந்தது. பயன் உண்டு, ஆனால் அது நோயின் துன்பத்துக்கு மாத்திரமே. நோய் அப்படியே இருக்கும்.

நம் ஹக்கீம்களும் பரிசாரிமாரும் கஞ்சாவைச் சுத்தி செய்து லேகியங்களிற் சேர்ப்பது பழைய வழக்கம். 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் அதற்கு அனுமதியுடன் இடமளிக்கிறது. அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது குற்றம். புகையோ, எதிர்ப்புச் சக்தி குன்றியவரின் நெஞ்சுக்கு ஆகவே ஆகாது. போதை ஹராம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நிலைமை வேறு. கிருமியை அடக்கும் மாத்திரைகளை அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். நாள் தவறாது உண்டால் பசி திரும்பும், உடல் தேறும். இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால் மனைவிக்கோ கணவனுக்கோ உறவினால் நோய் தொற்றாது. நம் கரையோர ஊர்களில் நோயாளியைத் தடுப்பது மருந்துப் பஞ்சமன்று, "ஆரும் கண்டால் என்ன சொல்வார்கள்?" என்ற அச்சமே. அவ்வச்சத்தினாலேதான் கஞ்சாக்காரன் சொல் எடுபடுகிறது.

உம் வீட்டார் எவரேனும் கல்முனையில் வைத்தியரிடம் போகக் கூசுவாராயின், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒன்றரை. விபரங்களை இரகசியமாக வைத்திருப்பது அவர்கள் கடமை. பசியில்லை, கால் எரிகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லும். அவற்றுக்கும் அங்கே மருந்து உண்டு.