விலை மீண்டது யாருக்கு?

"வீட்டு விலை மீண்டுவிட்டது, விற்க இதுதான் நேரம்!" என்று புதுச்சேரித் தரகர்கள் தமுக்கடிக்கிறார்கள். யாருக்கு மீண்டது?

பத்து வீட்டுக்காரன் ஒன்றை விற்றால் ஒன்பது மிஞ்சும். முதலியார்பேட்டைத் தொழிலாளிக்கு இருப்பதோ அப்பன் கட்டிய ஒரே வீடு. விற்றுவிட்டு எங்கே படுப்பான்? வாங்கப் போகும் இடத்திலும் விலை ஏறித்தானே கிடக்கிறது! வாடகைக்கு இருப்பவன் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

1898இல் தோன்றிய ரோடியர் மில்லை 2020 ஏப்ரலில் அரசு இழுத்து மூடியது. கூலி நின்றது, வட்டி நிற்கவில்லை. வட்டிக்காரன் கழுத்தைப் பிடிக்கிறான், தரகன் கையைப் பிடிக்கிறான். இதற்குப் பெயர் விற்பனையா? பறிமுதல்!

வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரன் காலத்து வீடுகள் பல விடுதிகளாகிவிட்டன. அங்கே அறை பெருக்கலாம், குடியிருக்க முடியாது. நகரத்தில் விற்றவன் வில்லியனூர்ப் பக்கம் மனை தேடுகிறான். அந்த மனையோ நேற்றுவரை நெல் விளைந்த நிலம். அங்கே நாற்று நட்ட பெண்ணுக்கு வேலை போயிற்று. மில் தொழிலாளியையும் வயல் தொழிலாளியையும் ஒரே தரகன்தான் விரட்டுகிறான்.

1936 ஜூலை 30இல் 12 தொழிலாளர் குண்டடிபட்டுச் செத்த ஊர் இது. மறு ஆண்டே எட்டு மணி நேர வேலையை வாங்கிய ஊரும் இதுதான். மூடிய மில்லின் நிலத்தில் தொழிலாளிக்கு வீடு கட்டு என்று கேட்போம். அதுவரை, தோழர்களே, தரகன் நீட்டும் அட்வான்சைத் தொடாதீர்கள்!