பன்னிரண்டு பில், ஒரு கம்ப்யூட்டர்

1999-ல் முதல் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்றதும் அப்பா சொன்னது ஒரே வரி: ‘‘கம்பெனி பொருளா வாங்குடா!’’

அவர் உலகத்தில் ரேடியோ என்றால் மர்ஃபி, சைக்கிள் என்றால் ராலே. மற்றதெல்லாம் டப்பா.

கம்பெனி கம்ப்யூட்டரோ என் ஏழு மாதச் சம்பளம். ‘‘அசெம்பிள் பண்ணினா நாலு மாச சம்பளம்தாண்டா’’ என்றான் பக்கத்து சீட் நண்பன். பி.எஃப். லோன் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம் மவுண்ட் ரோடில் பஸ்ஸை விட்டு இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தோம். ஒரு கடையில் மதர்போர்டு, எதிர்க்கடையில் 32 எம்.பி. ராம், ஒரு மாடிப்படிக்கு அடியில் ஹார்ட் டிஸ்க்... மொத்தம் பன்னிரண்டு பில். ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கொண்டு வருகிற மாதிரி வீடு வந்தேன்.

மாட்டும்போது கேபினட் விளிம்பு விரலைக் கிழித்தது. சுவிட்ச் போட்டால் இருட்டு. ராமைக் கழற்றி, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். திரையில் எழுத்து வந்தது! பெருமையோடு மனைவியைக் கூப்பிட்டேன். ஆசையாகத் தொட்டவளுக்கு ஷாக் அடித்தது. எங்கள் வீட்டு பிளக்கில் எர்த் ஒயரே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

எட்டாம் மாதம் மெஷின் படுத்தது. ராம் கடைக்காரர், ‘‘போர்டு ப்ராப்ளம் சார்’’ என்றார். போர்டு கடைக்காரர், ‘‘எஸ்.எம்.பி.எஸ். மட்டமானது சார்’’ என்றார். எஸ்.எம்.பி.எஸ். விற்றவர் கடையையே காணோம்! பன்னிரண்டு பில் என்றால் பன்னிரண்டு வாரன்ட்டி என்று நினைத்திருந்தேன். அது பன்னிரண்டு கைவிரிப்பு.

கம்பெனி மெஷினில் இந்த அலைச்சல் இல்லை. ஒரே பில், ஒரே போன் நம்பர். எந்த பாகம் எவ்வளவு சூடாகும், காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று ஒரு இன்ஜினீயர் உட்கார்ந்து யோசித்திருப்பார். அதற்குத்தான் காசு.

ஆனால் ஒரு விஷயம். 1981-ல் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை அவசர அவசரமாகத் தயாரித்தபோது என்ன செய்தது தெரியுமா? பிராசஸர் இன்டெல்லிடம், ஆபரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்ட்டிடம், ஃபிளாப்பி டிரைவ் இன்னொருவரிடம் என்று வெளியே வாங்கித்தான் பூட்டியது. கிட்டத்தட்ட ரிச்சி தெரு வேலை! மைக்கேல் டெல் 1984-ல் கடை போட்டது காலேஜ் ஹாஸ்டல் ரூமில். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவுகளால்தான், எவர் செய்த போர்டும் எவர் செய்த கேபினட்டிலும் ஸ்க்ரூ துளை மாறாமல் உட்காருகிறது.

அந்தப் புண்ணியத்தில் என் டப்பா பதினைந்து வருஷம் ஓடியது. போர்டு இரண்டு தடவை, ஹார்ட் டிஸ்க் மூன்று தடவை மாறியது. ‘‘பிடியையும் மாத்தி அலகையும் மாத்தின அருவாள்மணை’’ என்பாள் மனைவி.

அதைப் பரணில் ஏற்றிவிட்டு, அப்பா சொன்னபடியே நல்ல பெயருள்ள கம்பெனியின் உசத்தி லேப்டாப் ஒன்று வாங்கினேன். இட்லித் தட்டைவிட மெல்லிசு. சத்தமே கிடையாது. அதற்கடுத்து வாங்கியதும் அதே ரகம். அப்பா தவறிப்போன மறு வருஷம், அதன்மேல் அரை டம்ளர் ஃபில்டர் காபி கொட்டியது.

சர்வீஸ் சென்டர் பையன் மரியாதையாகத்தான் சொன்னான். ‘‘போர்டு மாத்தணும் சார். அறுபதாயிரம் ஆகும்.’’

‘‘போட்டோ எல்லாம்?’’

‘‘ஸ்டோரேஜ் போர்டுலயே ஒட்டியிருக்கு சார். போர்டோட போயிடும்.’’

மெல்லிசாக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே பலகையில் பற்றவைத்தால் இதுதான் விலை. அப்பாவின் கடைசி இரண்டு வருஷமும் அதற்குள் இருந்தது. வேறு காப்பி கிடையாது. தப்பு கம்பெனி மேல் இல்லை, என் மேல்.

அதனால் சொல்கிறேன். வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க ஆசையுள்ள ஆள் இருந்தால் அசெம்பிள் பண்ணுங்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நேரமில்லையா, கம்பெனி மெஷினே வாங்குங்கள். எதுவானாலும் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘‘இது செத்தா, உள்ளே இருக்கறதை மட்டும் தனியா கழட்ட முடியுமா?’’ முடியாது என்றால் இன்று ராத்திரியே இன்னொரு காப்பி எடுத்துவிடுங்கள்.

அன்று ராத்திரி பரணிலிருந்து பழைய டப்பாவை இறக்கினேன். ஆன் ஆகவில்லை. பரவாயில்லை, நாலு ஸ்க்ரூதான். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஒரு கேபிளில் கோத்துப் பையனின் மெஷினில் செருகினேன். 2012-ல் எடுத்த அப்பாவின் சதாபிஷேக வீடியோ அப்படியே இருந்தது.

பட்டு வேஷ்டியில், மாலையும் கழுத்துமாக, அறை மூலையில் இருந்த என் கம்ப்யூட்டரைக் கை காட்டி அப்பா கேட்கிறார்: ‘‘இன்னுமாடா இந்த டப்பா ஓடுது?’’